90 பேர் வந்த கூட்டத்துக்கு இப்போது 7 பேர்: நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எட்டு வருடம் இருந்தேன். மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் இப்போது கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே வேலை. சென்னையில் மாதாமாதம் போய்க்கொண்டிருந்த டெவலப்பர் மீட்டப் (நிரல் எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம்) மாதிரி இங்கேயும் ஒன்று வேண்டும் என்று நானும் ஒரு தோழியும் ஆரம்பித்தோம். முதல் கூட்டம் ஒரு சனிக்கிழமை, கல்லூரி செமினார் ஹாலில். 90 பேர் வந்தார்கள். இரண்டாவதற்கு 35. போன மாதம் 7 பேர், அதில் ஒருவன் என் தம்பி. தோழி பெங்களூருக்குப் போய்விட்டாள். ஹால் வேண்டுமானால் இனி எங்கள் பேனர், எங்கள் சீஃப் கெஸ்ட் என்கிறது கல்லூரி. ஒரு பயிற்சி நிறுவனம் 50,000 ரூபாய் தருகிறோம், வருகிறவர்களின் போன் நம்பர்களைக் கொடுங்கள் என்கிறது. சங்கமாகப் பதிவு செய்தால்தான் மதிப்பு என்று ஒருவர் சொல்கிறார். "இதுக்கு என்ன சம்பளம்?" என்று மாமியார் கேட்கிறார். தொடர்வதா, விட்டுவிடுவதா?

வாசகி, கும்பகோணம்

பதில்:

முதலில் உங்கள் மாமியாருக்கு: சம்பளம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. தஞ்சாவூரில் இப்படி ஒரு கூட்டத்தை நடத்த ஆரம்பித்துப் பல வருடம் ஆகிவிட்டது, இதைவிட நல்ல பதில் இன்னும் என்னிடம் இல்லை. "மாதத்துக்கு எத்தனை மணி நேரம் போகுது?" என்று அவர் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

90, 35, 7 என்று இறங்கிய கணக்கை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழு பேரில் எத்தனை பேர் இரண்டாவது கூட்டத்துக்கும் வந்தவர்கள் என்பதை எழுதவில்லை. எனக்கு வேண்டியது அந்த எண்தான். தம்பியைக் கழித்துவிட்டு நாலு பேர் இருந்தால் உங்கள் கூட்டம் பிழைத்துவிட்டது என்பேன்.

சனிக்கிழமை, கல்லூரி செமினார் ஹால் என்றதுமே எனக்குக் காட்சி தெரிந்துவிட்டது. ஹெச்.ஓ.டி., அதாவது துறைத் தலைவர், இரண்டு வகுப்பை மொத்தமாக அனுப்பியிருப்பார். வாசலில் கையெழுத்துத் தாள். ஓ.டி. உண்டு, அதாவது வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப்பதிவு உண்டு என்று சொல்லியிருப்பார்கள். சர்ட்டிஃபிகேட் உண்டா என்று யாராவது கேட்டிருப்பார்கள். பதினொன்றரைக்குச் சமோசாவும் ஜூஸ் பாக்கெட்டும் வந்ததும் பின்வரிசை மெல்லக் கரைந்திருக்கும். பிள்ளைகள் மேல் தப்பில்லை, போகச் சொன்னார்கள், வந்தார்கள். போன மாதம் வந்த ஏழு பேரை யாரும் போகச் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்துக்கு வழக்கமாகப் பன்னிரண்டு, பதினைந்து பேர் வருவார்கள். ஒரே ஒரு முறை 60 பேர் வந்தார்கள். அன்று யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவர் மைக் பிடித்தார், மற்றவர்கள் கேட்டோம், கலைந்தோம். அந்த மாதிரி இன்னொன்று வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துகொண்டோம்.

சரி, அடுத்து என்ன செய்வது? தேதியைக் கட்டிப்போடுங்கள். இதுவரை மூன்று கூட்டமும் மூன்று வெவ்வேறு கிழமையில் நடந்திருக்கும் என்பது என் ஊகம். பேசுபவருக்கு எப்போது வசதி, ஹால் எப்போது காலி என்று பார்த்துப் பார்த்துத் தேதி வைத்தால், வருகிறவர் ஒவ்வொரு மாதமும் புதிதாக முடிவெடுக்கவேண்டியிருக்கும். பைதான் என்ற நிரல் மொழிக்காரர்களின் சென்னைக் குழு நான்காம் சனிக்கிழமை கூடும். போகிற வழக்கமுள்ளவர் யாரையும் கேளுங்கள், காலண்டரைப் பார்க்காமல் சொல்வார். நம் பக்கத்திலேயே இருக்கிறதே திருவையாறு. தியாகராஜர் மறைந்தது 1847-இல். ஆராதனை என்றைக்கு என்று யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை. புஷ்ய பகுள பஞ்சமி, பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. பாடுகிறவர்களுக்குச் சன்மானமும் கிடையாது. நாள் நிற்கிறது, ஆள் வருகிறது.

கும்பகோணத்துக்கு என் யோசனை இரண்டாம் ஞாயிறு, மதியம் மூன்றிலிருந்து ஐந்து. சனிக்கிழமை பல இடங்களில் வேலை நாள். ஞாயிறு காலை என்றால் முகூர்த்தம் குறுக்கே வரும். ஆவணியிலும் தையிலும் ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் உங்கள் ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மண்டபத்தில்தான் இருப்பார்கள். மூன்று மணிக்குப் பந்தியெல்லாம் முடிந்திருக்கும். பட்டுச்சட்டையோடு, கையில் தாம்பூலப் பையோடு நேரே கூட்டத்துக்கு வந்தவர்கள் எங்களிடம் உண்டு. ஐந்து மணிக்கு மேல் இழுக்கவேண்டாம். பாபநாசம், வலங்கைமான், திருவிடைமருதூர் என்று போகவேண்டிய பெண்பிள்ளைகள் ஐந்தரைக்குப் பஸ் ஏறினால்தான் அடுத்த மாதமும் வீட்டில் அனுப்புவார்கள். உண்ட மயக்கம் ஒரு பிரச்சினை, ஒத்துக்கொள்கிறேன். அதனால் முதல் அரை மணி நேரம் யாரையும் பேசவிடாதீர்கள். லேப்டாப்பைத் திறந்து கையால் எதையாவது செய்யட்டும்.

தேதி நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் கூட்டம் நான்காம் ஞாயிறு. அதாவது 25-ஆம் தேதி, ஒன்பது நாள் கழித்து. நடத்துவதா என்று யோசித்து, சரி, ரத்து என்று தனியாக ஓர் அறிவிப்பு எதற்கு, கதவைத் திறந்து வைப்போம் என்று போனேன். எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம். ஊரில் இன்னும் கரண்ட் வரவில்லை, போனுக்கும் பவர் பேங்குக்கும் சார்ஜ் ஏற்ற வந்தவர்கள். ஒரு பையன் லேப்டாப்பில் நிவாரணப் பட்டியல் ஒன்றை வைத்திருந்தான். எந்த ஊரில் எத்தனை குடும்பத்துக்குத் தார்ப்பாய் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு. பல பேர் பல இடத்தில் அடித்ததை ஒன்றாக ஒட்டியிருந்தான். அதில் கோட்டூர் இரண்டு முறை வந்தது. எழுத்துப் பிழை இல்லை, பின்னால் இடைவெளி இல்லை, பெரிதாக்கிப் பார்த்தாலும் இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஆனால் கணினி இரண்டும் வேறு ஊர் என்று சாதித்தது.

அரை மணி நேரம் எட்டுத் தலையும் ஒரே திரைக்குள். கடைசியில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கணினி ஒவ்வொன்றுக்கும் வைத்திருக்கும் எண்ணைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு கோட்டூரில் ‘க’-வுக்குப் பின்னால் ‘ோ’ என்ற ஒரே குறி. இன்னொரு கோட்டூரில் ‘ே’, ‘ா’ என்று இரண்டு குறிகள். அது பழைய எழுத்துருவில் அடித்து, இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய கோப்பிலிருந்து வந்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பைதானில் யூனிகோட்டேட்டா என்று கூடவே வரும் நூலகம் இருக்கிறது. அதில் நார்மலைஸ் என்ற ஒரு கட்டளை, பிரிந்து கிடப்பதைச் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒரே வரி. பட்டியலில் அதே மாதிரி இன்னும் பல ஊர் ஒன்று சேர்ந்தது. அன்றைக்கு ஸ்லைடும் இல்லை, சிறப்புப் பேச்சாளரும் இல்லை. அந்த எட்டுப் பேரில் நாலு பேர் அடுத்த மூன்று வருடம் கூட்டத்தைத் தூக்கி நடத்தியவர்கள்.

இதனால்தான் சென்னையிலிருந்து மாதம் ஒரு நிபுணரை வரவழைக்கும் யோசனை ஏதாவது இருந்தால் விட்டுவிடுங்கள் என்கிறேன். அவருக்கு ரயில் டிக்கெட், தங்க இடம், சாப்பாடு, ஏற்றி இறக்க வண்டி என்று உங்கள் ஞாயிறு முழுக்கப் போய்விடும். வந்து அவர் பேசுவது லட்சக்கணக்கான பேர் பயன்படுத்தும் ஆப்பைப் பற்றி. வருடத்துக்கு ஒருவர் போதும். மற்ற மாதங்களில் உங்களைச் சுற்றி இருப்பவர்களைப் பிடியுங்கள். எங்களிடம் வந்ததிலேயே நல்ல பேச்சு எது என்று கேட்டால், மன்னார்குடிப் பக்கம் அரிசி ஆலைகளுக்கு எடைமேடை சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்கும் ஐம்பது வயதுக்காரர் பேசியதைச் சொல்வேன். விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் மொழியில் எழுதியது. 1998-இல் வந்த சரக்கு, இன்னும் ஓடுகிறது. "எனக்குப் பேசவெல்லாம் வராது சார்" என்றார். பேசவேண்டாம், ஆலையில் ஒரு லாரி வந்தால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

லாரி மேடையில் ஏறுகிறது. எண் ஆடுகிறது. டிரைவர் பிரேக் போட்டதும் இன்னும் ஆடுகிறது. கிளீனர் குதித்து இறங்குகிறான், அறுபது கிலோ குறைகிறது. இதில் எந்த எண்ணை எடை என்று எடுத்துக்கொள்வது? எடைமேடையைக் கணினியோடு இணைக்கும் சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பு வழியாக நொடிக்குப் பல முறை எண் வந்துகொண்டே இருக்கும். தொடர்ந்து மூன்று நொடி ஒரே எண் நின்றால்தான் பதிவு பட்டனே உயிர் பெறும்படி எழுதியிருந்தார். அதற்கு முன்பு, ஆடும்போதே பட்டனைத் தட்டி ஒரு லோடு நெல்லுக்குத் தப்பான சீட்டு போய்ப் பெரிய சண்டை ஆகியிருக்கிறது. சீரியல் போர்ட்டையே கண்ணால் பார்க்காத இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒன்றேகால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். உங்கள் ஊரில் பாத்திரக்கடைக்கு ஸ்டாக் கணக்கு எழுதிக்கொடுத்தவர், நகைக்கடை பில்லிங்கைக் கட்டி மேய்ப்பவர், பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர், உங்களைப் போல வீட்டிலிருந்து ஏதோ ஒரு வெளிநாட்டு வங்கிக்கு நிரல் எழுதுபவர் எல்லாம் இருக்கிறார்கள். அவர்கள் தங்களை டெவலப்பர் என்று சொல்லிக்கொள்ளமாட்டார்கள், அதனால் நீங்கள்தான் தேடிப் போகவேண்டும். பேச்சு தமிழிலேயே இருக்கட்டும். தமிழில் கேட்டால் கேள்வி வரும். ஆங்கிலத்தில் கேட்டால் தலையாட்டுவார்கள்.

இடம். செமினார் ஹாலை விட்டுவிடுங்கள். பேனர், குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து விஷயத்துக்கு வரும்போது மணி நாலரை. கல்லூரியோடு முறைத்துக்கொள்ளவும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு நாள் பயிற்சிப் பட்டறை என்று அவர்கள் பேனரோடே நடத்திக்கொடுங்கள், நல்ல பிள்ளைகள் நாலு பேர் அங்கிருந்து வருவார்கள். மாதக் கூட்டத்துக்கு ஏழிலிருந்து இருபது பேர் கொள்ளும் அறை போதும். ஞாயிறு மதியம் பூட்டிக் கிடக்கும் டியூஷன் சென்டர், கம்ப்யூட்டர் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ் இதில் ஏதாவது ஒன்று. கேட்கும்போது "எப்போதாவது" என்று கேட்காதீர்கள், "இரண்டாம் ஞாயிறு, மூன்றிலிருந்து ஐந்தேகால், பெருக்கிப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவோம்" என்று கேளுங்கள். கழிப்பறை எப்படி இருக்கிறது என்பதைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆண்கள் நடத்தும் கூட்டங்களில் இதை யாரும் பார்ப்பதில்லை, பெண்கள் ஏன் வருவதில்லை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம். நானே இரண்டு வருடம் அப்படிக் கேட்டவன்தான்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு கையோடு இருக்கட்டும். புரொஜெக்டர் இரவல் கிடைக்கும், திரை கிடைக்காது. எட்டு முழ வேட்டி ஒன்றை இரட்டையாக மடித்து ஆணியில் மாட்டினால் அருமையான திரை, கரைதான் கொஞ்சம் தெரியும். இன்டர்நெட்டை நம்பாதீர்கள். ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டு பதினைந்து பேர் ஒரே நேரத்தில் எதையாவது இன்ஸ்டால் செய்தால் அன்றைய கூட்டம் அந்தச் சுழலும் வட்டத்தைப் பார்ப்பதிலேயே முடியும். வேண்டிய கோப்புகளை முதல் நாளே இறக்கி மூன்று பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 50,000. வாங்காதீர்கள். இருபது பேருக்கு டீயும் போண்டாவும் 600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இடம் சும்மா. வருடம் முழுக்க நடத்தினாலும் 7,200 ரூபாய். 50,000 எதற்கு? காசு வந்தால் செலவு வரும், டீ-ஷர்ட் வரும், பேனர் வரும், யார் பேரை மேலே போடுவது என்ற பேச்சு வரும். அதைவிட, போன் நம்பர் உங்களுடையது இல்லை. கூட்டத் தகவல் வரும் என்று நம்பிக் கொடுத்தார்கள். அதை ஒரு பயிற்சி நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்தால், மறுநாளிலிருந்து "வேலை உத்தரவாதம், கட்டணம் தவணையில்" என்று அந்தப் பிள்ளைகளின் அப்பாவுக்குப் போன் போகும். ஒரு காரியத்துக்கு வாங்கிய விவரத்தைச் சம்மதம் இல்லாமல் வேறு காரியத்துக்குக் கொடுக்கக்கூடாது என்பதற்காகவே 2023-இல் மத்திய அரசு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் இது கூடாது. அந்த நிறுவனத்துக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் ஒரு மாதம் டீச் செலவை ஏற்றுக்கொண்டு, கடைசியில் ஐந்து நிமிடம் பேசட்டும். ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பது என் கணிப்பு. டீக்கு நடுவில் ஒரு டப்பா வையுங்கள், முடிந்தவர்கள் போடுவார்கள். வரவு செலவை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மாதாமாதம் குழுவில் போட்டுவிடுங்கள். 600 ரூபாய்க் கணக்குக்கு இது அதிகப்படி என்று தோன்றும். போடுங்கள்.

பதிவு விஷயம். 1975-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம். உங்களிடம் சரியாக ஏழு பேர் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது! ஏழு பேரில் ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர் என்றால் மிச்சம் நாலு பேர், அதில் இரண்டு பேருக்கு மனத்தாங்கல். திருவையாற்றிலேயே பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து ஒரே ஆராதனையை இரண்டாக நடத்தியிருக்கிறார்கள். பெண்களைப் பாடவிடாததால் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்களைச் சேர்த்துத் தனியாகவே ஒன்று நடத்தினார். எல்லாம் ஒன்று சேர 1940 வாக்கில் ஆயிற்று. சங்கீத மகான்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? பெரிய பணம் கைமாறும் நிலை வந்தால் அப்போது ஓர் ஆடிட்டரைக் கேளுங்கள். அதுவரை சங்கமும் வேண்டாம், பதவியும் வேண்டாம். தஞ்சாவூரையும் கும்பகோணத்தையும் மயிலாடுதுறையையும் சேர்த்து "டெல்டா" என்று பெரிய பெயர் வைக்கும் ஆசை இருந்தால் அதுவும் இப்போதைக்கு வேண்டாம். நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போண்டா சாப்பிட யாரும் வரமாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு ஒன்று: "தோழி பெங்களூருக்குப் போய்விட்டாள்". போகத்தான் செய்வார்கள். டெல்டாவில் கூட்டம் நடத்துவது என்றால் வழியனுப்பிக்கொண்டே நடத்துவது. ஒவ்வொரு வருடமும் ஒரு பேட்ச் சென்னைக்குப் போகும். தஞ்சாவூரிலேயே 2024-இல் ஐ.டி. கம்பெனிகளுக்கான நியோ டைடல் பூங்கா திறந்தார்கள், கொஞ்சம் பேர் தங்கலாம், ஆனாலும் ஓட்டம் நிற்காது. ஆகவே போகிறவர்களை நம்பி வேலையைப் பிரிக்காதீர்கள்; ஊரிலேயே இருக்கப்போகிறவர் யார் என்று பார்த்துச் சாவியைக் கொடுங்கள். போனவர்களும் பொங்கலுக்கு வருவார்கள். தை மாதக் கூட்டத்தை மட்டும் காணும் பொங்கலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு மாதம் தேதி மாறலாம். விடுமுறைக்கு வந்தவர்கள் பேசட்டும், இங்கே இருப்பவர்கள் அவர்களைக் குடையட்டும். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் பயனர் குழு ஒன்று இருக்கிறது. அது ஐ.டி. கம்பெனிகளுக்குப் பேர்போன ஊர் இல்லை. கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுத்தே வளர்ந்த குழு. முடிந்தால் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் எல்லாவற்றையும் நானே செய்தேன். இடம், ஆள், டீ, அறிவிப்பு, கணக்கு எல்லாம். அப்போது அதில் ஒரு பெருமையும் இருந்தது. அப்புறம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக மூன்று மாதம். கூட்டம் மூன்று மாதமும் நடக்கவில்லை. நாலாவது மாதம் போய், "ஏம்பா, நீங்களாவது கூடியிருக்கலாமே" என்று கேட்டேன். ஒரு பையன் சொன்னான்: "சாவி உங்ககிட்ட இருக்குண்ணே. அதுவும் இல்லாம, நீங்க இல்லாம நடத்துனா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு..." சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆகவே போன மாதம் வந்தவர்களில் நாலு பேரைப் பிடித்து நாலு வேலை கொடுங்கள். ஒருவர் சாவி. ஒருவர் அடுத்த மாதம் யார் பேசுவது. ஒருவர் டீயும் நோட்டும். ஒருவர் அறிவிப்பு, வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங்கையும் வேலை ஃபார்வர்டுகளையும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் சொதப்புவார்கள். டீ சொல்ல மறப்பார்கள், அறிவிப்பில் நேரத்தைத் தப்பாகப் போடுவார்கள். உங்களுக்குக் கை துறுதுறுக்கும், பேசாமல் இருங்கள். ஆறாவது மாதம் ஊரிலேயே இருந்துகொண்டு ஒரு கூட்டத்துக்குப் போகாதீர்கள். அன்றைக்கு மாமியாரோடு சுவாமிமலைக்குப் போய்விட்டு வரலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல் மாதத்திலிருந்தே நீங்கள் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். எங்கள் குழுவில் ஒருவர், குழுவிலிருந்து ஒரு மாணவியின் நம்பரை எடுத்து ராத்திரி பதினொரு மணிக்கு "ஹாய்" அனுப்பினார். அந்தப் பெண் என்னிடம் சொல்லவில்லை, வருவதை நிறுத்திவிட்டாள். நாலு மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அதற்கப்புறம்தான் விதி எழுதினோம்: கூட்டத்து நம்பரைச் சொந்தப் பேச்சுக்கு எடுக்கக்கூடாது, கேட்காமல் போட்டோ போடக்கூடாது, யாருடைய கேள்வியையும் பார்த்துச் சிரிக்கக்கூடாது, புகார் சொல்ல இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். மீறினால் அன்று மாலையே வெளியே. அரைப் பக்கம், தமிழில், ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாசித்துவிடுவோம். நாகரத்தினம்மாள் மாதிரி யாரும் கோபித்துக்கொண்டு தனியாகக் கூட்டம் தொடங்கமாட்டார்கள். பேசாமல் வீட்டில் இருந்துவிடுவார்கள்.

மணி நேரக் கணக்கு பாக்கி இருக்கிறது. கூட்டம் இரண்டு மணி நேரம், போகவர ஒன்று, மீதி ஏற்பாடுகளுக்கு மூன்று. மாதம் ஆறு மணி நேரம். அதற்கு மேல் போனால் எதையோ நீங்களே தூக்கிச் சுமக்கிறீர்கள் என்று அர்த்தம், யாரிடமாவது இறக்கிவையுங்கள். ஆறு மணி நேரமும் முடியாத மாதங்கள் வரும். மாமனார் உடம்பு இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது. அப்போது சாவிக்காரருக்கு ஒரு போன் மட்டும்.

போன மாதம் வந்தவர்களில் தம்பி போக மீதி ஆறு பேருக்கும் தனித்தனியாக, குழுவில் இல்லாமல், இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "இனி ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு மூன்று மணி. இந்த வாரம் வேலையில் உங்களைப் படுத்திய ஒரு பிழையைக் கொண்டு வாருங்கள்." பதில் வராவிட்டாலும் மூன்று மணிக்குக் கதவைத் திறந்து உட்காருங்கள். எங்களுடையது நான்காம் ஞாயிறு, உங்களோடு முட்டாது. முதல் இரண்டாம் ஞாயிறுக்கு நானும் வருகிறேன், வேட்டி கொண்டு வருகிறேன். ஆணி மட்டும் அடித்து வையுங்கள்.